‘இன்னும் இரண்டு வாரம்’ என்று எழுதி அடித்த கமாண்டர் பொன்னழகு அவர்களுக்கு

அலைமேல் அணி நடத்தும் அருங்கலை கற்பித்த ஆசானே! மானகிரி மண்ணில் பிறந்து மாகடலின் மனமறிந்த மாண்பாளரே! வெள்ளைச் சீருடையில் முப்பத்திரண்டு ஆண்டு விடியலும் அந்தியும் பாராது உழைத்த விழுமியோரே! புகழுரை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள் என்று எங்கள் எழுதுகோலை நிறுத்திய வாய்மையாளரே! உங்களோடு பணியாற்றிய நாங்கள் நால்வரும் தலைதாழ்த்தி வணங்குகிறோம்.

சென்ற வெள்ளிக்கிழமை பயிற்சி நிலையத்தில் உங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பாராட்டு நடந்தது. கேடயம் கொடுத்தார்கள், மாலை போட்டார்கள், எண்ணூறுக்கும் மேற்பட்ட அதிகாரிகளை உருவாக்கியவர் என்றார்கள். சொன்னவை எல்லாம் உண்மை. சொல்லாமல் விட்டது ஒன்று. அதைச் சொல்வதானால் தமிழில் ஒரு மடல் எழுதுங்கள், அதையும் காரைக்குடியில், செக்காலை ஜனங்கள் கேட்க வாசியுங்கள், அப்போது வாங்கிக்கொள்கிறேன் என்றீர்கள். எழுதிவிட்டோம். ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்து ‘நீங்கள், நீங்கள்’ என்று இதைச் சொல்லிக்கொண்டு போக எங்களுக்குத் தெம்பில்லை. ஆகவே அவையோரைப் பார்த்து ‘அவர்’ என்றே சொல்கிறோம். பொறுத்தருள வேண்டும்.

அவையோரே, கமாண்டர் பொன்னழகு மானகிரியில் நெல்லும் நிலக்கடலையும் போட்ட குடும்பத்தில் பிறந்தவர். கடற்படையில் சேர்ந்து பதினான்கு ஆண்டு கப்பல்களில் இருந்தார். பிறகு பதினெட்டு ஆண்டு இளம் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் கற்பித்த வேலை இன்னதென்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. ஒரு போர்க்கப்பலைத் தனியாக ஓட்டுவது ஒரு வித்தை. நாலைந்து போர்க்கப்பல்கள் ஓர் அணியாகச் சேர்ந்து போகும்போது, தன் கப்பலை அந்த அணிக்குள் தன் இடத்தில் வைத்திருப்பது வேறொரு வித்தை. கப்பல் நிறுத்து என்றதும் நிற்கிற வண்டி இல்லை; நின்று முடிப்பதற்குள் அரை மைல் ஓடிவிடும். பக்கத்துக் கப்பலோ ஆயிரம் கஜ தூரத்தில் அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கும். முன்னால் போகும் தலைக்கப்பலிலிருந்து சங்கேத வார்த்தையில் உத்தரவு வரும். அந்த வார்த்தையை எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டால் அணி திரும்பும். ஒருவர் மாற்றிப் புரிந்துகொண்டால் இரும்பும் இரும்பும் சந்திக்கும்.

இதைக் கற்பிக்க அவர் முதலில் கணினி அறைக்குப் போகமாட்டார். பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போய் அதிகாரிகளையே கப்பல்களாக நடக்கவிடுவார். ஆளுக்கொரு அட்டை கழுத்தில் தொங்கும். முன்னால் நடப்பவர் தலைக்கப்பல். தொடர்திருப்பம் என்று உத்தரவு வந்தால், தலைவர் திரும்பிய இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்தவர் திரும்ப வேண்டும், எறும்புச் சாரை போல. உடன்திருப்பம் என்றால் எல்லோரும் அவரவர் நின்ற இடத்தில் அந்தக் கணமே திரும்ப வேண்டும். பார்ப்பவர்களுக்குச் சின்னப் பிள்ளைகள் விளையாட்டுப் போலத் தெரியும். உங்கள் கப்பலைக் கப்பல் தலைவர் பார்த்துக்கொள்வார், உங்களுக்கும் பக்கத்துக் கப்பலுக்கும் நடுவில் இருக்கும் தண்ணீர்தான் உங்கள் பொறுப்பு என்று அவர் ஒவ்வொரு தொகுதிக்கும் முதல் நாளே சொல்வார். எங்களில் ஒருவரான லெப்டினன்ட் கமாண்டர் மருதுபாண்டியும் அந்த மைதானத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நடந்தவர்தான். பின்னாளில் கமாண்டருக்கே உதவிப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.

2018 பிப்ரவரியில் வந்த தொகுதியில் பன்னிரண்டு பேர். அதில் ஒருவர் இந்தச் செக்காலையைச் சேர்ந்தவர், லெப்டினன்ட் கார்த்திகேய சிவம். எவர்சில்வர் பாத்திரக்கடை மீனாட்சிசுந்தரம், விசாலம் ஆச்சி தம்பதியின் ஒரே மகன். அந்தக் குடும்பத்தில் கடற்படைக்குப் போன முதல் ஆள். முதல் வாரமே கமாண்டரின் பேச்சில் ஊர் வாடையைக் கண்டுபிடித்து, நீங்கள் நம்ம பக்கமா சார் என்று கேட்டார். அன்றிலிருந்து மாலை வேளையில் இருவரும் ஊர்ப்பேச்சுப் பேசுவதுண்டு. கமாண்டருக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்துப்போனது. இதையும் மறைக்காமல் எழுதச் சொன்னார்.

கார்த்திகேய சிவத்துக்கு மூளை வேகம். கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அந்த வேகமே ஒரு கோளாறு. உத்தரவு முழுதாகக் காதில் விழுவதற்குள் கை முந்திவிடும். மைதானத்தில் ஒரு நாள் தொடர்திருப்பத்துக்கு உடனே திரும்பிப் பக்கத்து வரிசைக்காரர்மேல் மோதினார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். கணினி அறையில் ஐந்தாம் வாரம் அதே தவறு. எட்டாம் வாரம், தேர்வுக்கு முந்தின நாள், மறுபடியும் அதே தவறு. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்தது. கமாண்டர் காலையில் உட்கார்ந்து பன்னிரண்டு பேருக்கும் மதிப்பீடு எழுதினார். பதினோரு பேர் தேறினார்கள். கார்த்திகேய சிவத்தின் தாளில், ‘திறமைசாலி. இன்னும் இரண்டு வாரம் வேண்டும்’ என்று எழுதினார். நண்பகலில் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. கப்பல்களில் மேல்தள அதிகாரிகள் பற்றாக்குறை, திங்கட்கிழமை பன்னிரண்டு பேரும் ஏறியாக வேண்டும், எட்டு வாரத்தில் தேற்ற முடியவில்லை என்றால் அது யாருடைய குறை என்று கேட்டார்கள். கமாண்டர் இரண்டு தடவை மறுத்தார். மூன்றாம் தடவை பேசாமல் இருந்தார்.

மூன்று மணிக்குக் கார்த்திகேய சிவம் தானாகவே அறைக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

“சார், நான் இன்னும் தேறலைன்னா சொல்லிருங்க. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. இருந்து படிச்சுட்டே போறேன்.”

மேசையில் அந்தத் தாள் கவிழ்ந்து கிடந்தது. கமாண்டர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “கடல்ல நாலு நாள் நின்னா தானா வந்துரும் தம்பி. தைரியமாப் போயிட்டு வாங்க.”

பிள்ளையின் முகம் தெளிந்தது. சல்யூட் அடித்துவிட்டுப் போனார். கமாண்டர் தாளைத் திருப்பி, எழுதிய வரியை அடித்தார். புதுத்தாள் ஒன்றில் ‘தேறினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடித்த தாளைக் கிழித்துப் போடத் தோன்றாமல் இழுப்பறையில் வைத்தார்.

அவ்வாண்டு ஜூலை மாதம், மழை மூட்டமான ஒரு நாள், காலை ஒன்பதரை மணி. நான்கு கப்பல்கள் இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, வரிசைக்கு இரண்டு. இடது வரிசையின் இரண்டாவது கப்பலில், கப்பலைச் செலுத்த உத்தரவிடும் பணியில் கார்த்திகேய சிவம் இருந்தார். வலப்பக்கம் தொடர்திருப்பம் என்று உத்தரவு வந்தது. முன்கப்பல் திரும்பிய இடத்தை எட்டும் வரை அவர் நேராகப் போயிருக்க வேண்டும். உடனே திருப்பிவிட்டார். வலது வரிசையின் இரண்டாவது கப்பல் நேர் குறுக்கே வந்தது. தவறு தெரிந்ததும் அவர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார் என்று உடனிருந்த மாலுமிகள் சொன்னார்கள். இயந்திரங்களைப் பின்னோக்கி ஓட்டச் சொன்னார், ஆபத்து மணி அடிக்கச் சொன்னார், ஓரத்தில் நின்றவர்களை உள்ளே விரட்டினார். தான் மட்டும் ஓரத்தில் நின்று, இடையில் இருந்த தூரத்தைக் குரல்கொடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். நூறு கஜம், அறுபது, முப்பது. அதற்குமேல் சொல்ல நேரம் இருக்கவில்லை. அந்தக் கப்பலில் மூன்று மாலுமிகளும் இந்தக் கப்பலில் அவரும் இறந்தார்கள்.

விசாரணை நடந்தது. யாரும் கூப்பிடாமலே கமாண்டர் போய் இழுப்பறைத் தாளை விசாரணைக் குழுவின் முன் வைத்தார். இந்தப் பிள்ளை தேறவில்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தே அனுப்பினேன், என்ன தண்டனையோ கொடுங்கள் என்றார். தாளை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. மதிப்பீடு செய்வது பயிற்சியாளரின் உரிமைக்கு உட்பட்டது. விபத்துக்குக் காரணம் பணியிலிருந்த அதிகாரியின் பிழை. தொலைபேசியில் வந்த பேச்சு எந்தக் காகிதத்திலும் இல்லாததால் அது நடக்கவே இல்லை என்றாகிவிட்டது. கமாண்டருக்கு ஒரு மெமோகூட வரவில்லை. அன்று மாலை அவர் அலுவலகப் படிக்கட்டில் அந்த அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம். ஒரு கண்டிப்பாவது வந்திருந்தால் மனிதர் கொஞ்சம் மூச்சுவிட்டிருப்பார்.

அடுத்த பொங்கல் விடுமுறையில் அவர் தம் மனைவி வீரலட்சுமி அம்மையாரோடு மானகிரிக்கு வந்தார். இரண்டு நாள் செக்காலை வரை வந்து, பாத்திரக்கடை இருக்கும் தெருமுனையோடு திரும்பிவிட்டார். மூன்றாம் நாள் அம்மையார்தான் ஆட்டோவை விட்டு இறங்கி முன்னால் நடந்தார். கடைக்கு மேல்மாடியில் வீடு. மீனாட்சிசுந்தரம் ஐயா வரவேற்று உட்காரவைத்தார். மகனுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் துக்கம் கேட்க வந்திருக்கிறார் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். விசாலம் ஆச்சி காபி கொண்டுவந்து வைத்தார். கமாண்டர் அதைத் தொடாமலே சொல்லத் தொடங்கினார்.

“உங்க மகன் மேல குத்தம் இல்ல ஆச்சி. தேறலைன்னுதான் மொதல்ல எழுதுனேன். பெறகு நாந்தான் அடிச்சுட்டு, தேறுனாருன்னு எழுதி அனுப்புனேன்.”

தொலைபேசி வந்ததைச் சொன்னார். அதைச் சாக்காகச் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பிள்ளை வந்து கேட்டதைச் சொன்னபோது ஆச்சி நிமிர்ந்து பார்த்தார்.

“அவனே வந்து கேட்டானா?”

“கேட்டாரு.”

ஆச்சி அந்தக் காபியை எடுத்துத் தள்ளிவைத்தார். “கேட்ட புள்ளைக்கி ஒரு வார்த்தை உண்மையச் சொல்லியிருக்கலாம்ல,” என்றார்.

அந்த வார்த்தையைக் கமாண்டர் அப்படியே எழுதச் சொன்னார். மீனாட்சிசுந்தரம் ஐயா எழுந்து கீழே கடைக்கு இறங்கிப்போனார். விடைபெறும்போது ஆச்சி மாடிப்படி வரை வந்தார்.

“எம்மகன்தான் கப்பல முட்டி மூணு பேரக் கொன்னுட்டான்னு ஊருக்குள்ள பேசுறாக. நீங்க சொன்னத நாங்க போயிச் சொன்னா, பெத்தவுக அப்படித்தான் சொல்லுவாகன்னு போயிரும். அவனப் பெத்த அப்பச்சி கடையில தல குனிஞ்சே ஒக்காந்திருக்காக. நீங்க ஊரு கேக்கச் சொல்லுங்க.”

சீருடையில் இருக்கும் வரை வெளியே வாய் திறக்க விதி இடம் தராது, அதைக் கழற்றுகிற வாரமே வந்து சொல்கிறேன் என்று கமாண்டர் வாக்குக் கொடுத்தார். அதற்கு அப்போது ஐந்தரை ஆண்டு பாக்கி இருந்தது. முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதினார். ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். மறுபடி எழுதினார், மறுபடியும் மறுத்தார்கள். விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைக்கே சொல்லியிருக்கலாம், அதற்கும் எனக்குத் துணிச்சல் வரவில்லை என்று பின்னால் எங்களிடம் சொன்னார். 2022 ஐப்பசியில் மீனாட்சிசுந்தரம் ஐயா காலமானார். ஊர் கேட்டுத் தலை நிமிர்வதற்கு முன்பே போய்விட்டார். செய்தி வந்த அன்று கமாண்டர் வகுப்புக்கு வந்தார், பாடம் நடத்தினார். பாதியில் பலகையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அதிகாரிகள் பதினைந்து நிமிடம் காத்திருந்துவிட்டுத் தாங்களாகவே கலைந்து போனார்கள்.

அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருந்தாரில்லை. அடுத்த தொகுதியில் நான்கு பேரைத் தேறவில்லை என்று நிறுத்தினார். மேலிடத்தார் வேறொரு குழு அமைத்து அவர்களில் மூவரைத் தேற்றி அனுப்பினார்கள். எட்டு வாரப் பயிற்சியைப் பத்து வாரமாக்குங்கள் என்று எழுதினார். ஐந்து வாரமாகக் குறைத்தார்கள். மைதானத்தில் நடக்கவிடுவது பழங்காலத்து முறை என்று அதையும் நிறுத்தினார்கள். பத்தொன்பது கடிதம் எழுதினார். ஏழுக்கு, பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. கடைசியில் அவரையே பாடநூல் திருத்தும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

வீட்டிலும் மனிதர் சரியாக இல்லை. விடுமுறையில் காரைக்குடிக்குக் காரோட்டி வந்தால், முன்னால் போகிற பஸ்ஸுக்கும் தமக்கும் நடுவே அரை பர்லாங் விட்டுவிடுவார். அந்த இடைவெளியில் ஆட்டோக்காரர்கள் எல்லாம் புகுந்து புறப்படுவார்கள். ஒவ்வொன்றுக்கும் இவர் இன்னும் பின்வாங்குவார். ஊர் போய்ச் சேரவே மாட்டோமோ என்று அம்மையார் எங்களிடம் ஒரு தடவை சொன்னார். சிரிக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார்.

இந்த ஏப்ரலில் பயிற்சியாளர் ஒருவர் நோயுற்றதால், கடைசித் தொகுதிக்கு அவரையே திரும்ப அழைத்தார்கள். பதினான்கு பேர். பன்னிரண்டு பேர் தேறினார்கள். இருவர் தேறவில்லை. ஒருவர் இமாசலத்து மலைக்கிராமத்துப் பிள்ளை, இன்னொருவர் கட்டாக்கைச் சேர்ந்த பெண். மே மாதம் 27ஆம் தேதி, திங்கட்கிழமை, அதே மாதிரித் தொலைபேசி வந்தது. இம்முறை கமாண்டர் மூன்றாம் தடவையும் மறுத்தார். அந்த இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, நீங்கள் இன்னும் தேறவில்லை, இது உங்கள் குறை இல்லை, காலம் போதவில்லை என்று நேருக்கு நேர் சொன்னார். தாளில் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போனார். ஆறு ஆண்டில் அன்றுதான் அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார் என்று அம்மையார் சொன்னார்.

அவர் போன பிறகு அந்தத் தாள்கள் உதவிப் பயிற்சியாளர் மருதுபாண்டியிடம் வந்தன. அவருக்கு அடுத்த மாதம் பதவி உயர்வுப் பட்டியல். இரண்டு பிள்ளைகள் பள்ளியில். அவர் மாலை ஆறு மணி வரை மறுத்தார். ஆறு மணிக்கு, இருவர் தாளிலும் ‘தேறினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த மடலை இப்போது உங்கள் முன் வாசித்துக்கொண்டிருப்பவன் அந்த மருதுபாண்டிதான். சீருடையில் இருப்பவனுக்கு விதி இதற்கு இடம் தராது என்று தெரிந்தே வாசிக்கிறேன்.

மறுநாள் காலை நானே போய் அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். “எனக்கும் அன்னிக்கி இப்படித்தான் இருந்துச்சு மருது,” என்றார். அந்த இருவரும் ஏறிய கப்பல்களை நிறுத்த வழி உண்டா என்று இருவரும் சேர்ந்து எட்டு இடத்துக்குப் பேசினோம். ஓரிடத்தில், ஓய்வு பெறப் போகிறவருக்கு எதற்கு இந்தக் கவலை என்று கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்குக் கப்பல்கள் புறப்பட்டுவிட்டன.

நேற்று அவர் விசாலம் ஆச்சியை அழைக்கப் போனார். வாக்கைக் காப்பாற்ற வந்திருக்கிறேன் என்றார். ஆச்சி உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. “யாரு கேக்கணும்னு இருந்தனோ அவுக போயிட்டாக. வாசிங்க. வாரதும் வராததும் எம்பாடு,” என்றார். ஆச்சி இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறாரா இல்லையா என்று நாங்கள் தேடிப் பார்க்கப் போவதில்லை. வந்திருந்தால் கேட்கட்டும், வராவிட்டால் கேட்டவர்கள் போய்ச் சொல்லுங்கள். லெப்டினன்ட் கார்த்திகேய சிவம் தாம் தேறவில்லை என்பதை அறிந்து, அதை வாய்விட்டுக் கேட்ட அதிகாரி. அவரைத் தேறியவர் என்று சொல்லிக் கடலுக்கு அனுப்பியவர்கள் நாங்கள்.

ஆசானே, இனி உங்கள் பக்கம் திரும்புகிறோம்.

நூறாண்டு நோயின்றி வாழ்க என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டுப் பார்த்தோம். அந்த நூறாண்டில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உங்களுக்கு மணி மூன்று அடிக்கும். அதை உங்களுக்கு வரமாகக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. உறக்கம் கூடட்டும், உணவு செரிக்கட்டும், வீரலட்சுமி அம்மையாரோடு ஊர் வந்து சேரும் பயணங்கள் வாய்க்கட்டும் என்ற அளவோடு உங்கள் வரையில் நிறுத்திக்கொள்கிறோம்.

நீண்ட ஆயுளை நாங்கள் வேறு இருவருக்குக் கேட்கிறோம். இதை வாசிக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், நான்கு கப்பல்கள் அணியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் மலைக்கிராமத்துப் பிள்ளையும், இன்னொன்றில் கட்டாக்குப் பெண்ணும் பணிக்கு நிற்பார்கள். அவர்கள் பிழைத்துக் கிடக்கட்டும். அவையில் கும்பிடும் பழக்கமுள்ளவர்கள் எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் உடன் பணியாளர்கள்

மருதுபாண்டி, உதவிப் பயிற்சியாளர்
அழகுசுந்தரம், கணினிப் பயிற்சிக்கூடம்
பாண்டீஸ்வரி, அலுவலகம்
சின்னச்சாமி, மைதானப் பராமரிப்பு

காரைக்குடி
2 ஜூன் 2024